எது சார் ஒரிஜினல்?

ஹீ-மேன் பொம்மையின் தலையைக் கழற்றி வேறு உடம்பில் மாட்டி வண்ணம் பூசினால், "ஒரிஜினலைக் கெடுத்துட்டியே!" என்று பாய்கிறார்கள், பெட்டியைப் பிரிக்காத சேகரிப்பாளர்கள். எது சார் ஒரிஜினல்? மேட்டல் கம்பெனியின் ரோஜர் ஸ்வீட், பிக் ஜிம் பொம்மைகள்மேல் களிமண்ணை அப்பித்தான் ஹீ-மேனுக்கு முன்மாதிரி செய்தார். 1982இல் வந்த பேட்டில் கேட், பிக் ஜிம் வரிசைப் புலியின் அதே அச்சு. 1985இன் ஸ்டிங்கோர்? மெர்-மேன் தலை, மெக்கானெக் கவசம், புது பெயின்ட். கம்பெனி செய்தால் வடிவமைப்பு, நாம செஞ்சா நாசமா? அரிய பொம்மையில் கத்தி வைக்காதே என்றால் ஒப்புக்கொள்கிறேன். மூட்டு தளர்ந்து, கை உடைந்து கிடப்பதையும் தொடாதே என்பது என்ன நியாயம்? பிரிக்காத பெட்டி முதலீடு. தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ரசனை என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். ஹீ-மேன் பிறந்த வழியில் இன்றும் நடப்பவன், பசையும் பிரஷ்ஷும் கையில் வைத்திருப்பவன்தான்.