கடை வெளிச்சம் வீட்டுக்கு ஆகாது

நம் வயதுக்காரர்கள் பலர், ராத்திரி டிவி பார்த்தால் கண் கூசுகிறது, பார்வை போய்விட்டது என்கிறார்கள். பாதிக் குற்றம் பெட்டியினுடையது என்பேன்.

ட்யூப்லைட் வெளிச்சத்தில் பக்கத்துப் பெட்டியைவிடப் பளிச்சென்று தெரிவதற்காகவே கடைகளில் 'விவிட்' அமைப்பை வைக்கிறார்கள். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு அதையே பார்ப்பது சரியா? புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த நாங்கள் இதை 'எப்லூயீர்' என்போம்: வெளிச்சமே பார்வையை மறைப்பது. கண்புரை தொடங்கியவர்களுக்கு இது இன்னும் அதிகம்.

சாதாரண நிகழ்ச்சிகளை மங்கலான அறையில், சுமார் 100 நிட் வெளிச்சத்தில் பார்த்துத்தான் சரிசெய்கிறார்கள். நிட் என்பது திரை வெளிச்சத்தின் அளவு. இன்று பல பெட்டிகள் 500 நிட்டைத் தாண்டும். ஜன்னல் திறந்த பகல் கூடத்துக்கு அது வேண்டும், இரவுக்கு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பல பெட்டிகளில் 'பிரைட்னஸ்' கறுப்பின் அளவை மாற்றுவது. அதைக் குறைத்தால் இருட்டுக் காட்சியில் முகமே தெரியாது. குறைக்க வேண்டியது 'பேக்லைட்'. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்றாகப் பேரப்பிள்ளைகளை வைத்துத் தரச் சொல்லுங்கள். பெட்டிக்குப் பின்னால் சின்ன விளக்கு ஒன்றும் எரியட்டும்.

அதற்குப் பிறகும் கூசினால் கண் டாக்டரிடம் போங்கள். முதலில் ரிமோட்டை எடுங்கள்.