பங்காளிச் சண்டையும் கட்சி விசுவாசமும்

எதிரியோடு போடும் சண்டையை விடப் பங்காளிச் சண்டையில்தான் கசப்பு அதிகம். 2008-ல் அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சியில் ஒபாமாவும் ஹில்லாரி கிளிண்டனும் மோதிக்கொண்டது அந்த ரகம்.

அங்கே அதிபர் வேட்பாளரை மேலிடம் அறிவிப்பதில்லை. மாநிலம் மாநிலமாக நடக்கும் பிரைமரி தேர்தல்களில் மக்கள் போடும் ஓட்டுக்கு ஏற்பப் பேராளர்கள் கிடைப்பார்கள். பாதிக்கு மேல் சேர்த்தவரே வேட்பாளர். ஜனவரி 3-ல் அயோவாவில் ஒபாமா ஜெயித்தார். ஐந்தே நாளில் நியூ ஹாம்ப்ஷயரில் ஹில்லாரி ஜெயித்தார். இழுபறி ஜூன் 3 வரை நீடித்தது.

ஈராக் போர் விஷயத்தைத் தள்ளிவிட்டால், கொள்கையில் இருவருக்கும் பெரிய தூரம் இல்லை. அதனால் சண்டை ஆட்களைப் பற்றியதாக மாறியது. ஹில்லாரி பின்தங்கியதும், "இன்னும் விலகாமல் இருப்பது கட்சிக்குத் துரோகம்" என்ற குரல்கள் கிளம்பின.

கடைசி வரை போட்டியிடுவது துரோகமா? இல்லை. போட்டி நீண்டதால்தான் இந்தியானா, வட கரோலினா மாநிலங்களின் ஓட்டுக்கு மே மாதத்திலும் மதிப்பு இருந்தது. இருவரும் அங்கே ஊர் ஊராக அலைந்தார்கள். நவம்பரில் அந்த இரண்டையும் ஒபாமா குடியரசுக் கட்சியிடமிருந்து பறித்தார். இந்தியானாவில் 1964-க்குப் பிறகு ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. நீண்ட சண்டைக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

ஹில்லாரி செய்த தவறு வேறு. கட்சி விதியை மீறி முன்கூட்டியே பிரைமரி நடத்தியதால் புளோரிடா, மிச்சிகன் பேராளர்களைச் செல்லாது என்று கட்சி அறிவித்திருந்தது. அந்த மாநிலங்களில் பிரசாரம் செய்வதில்லை என்று ஹில்லாரியும் ஒப்புக்கொண்டிருந்தார். மிச்சிகன் வாக்குச்சீட்டில் ஒபாமாவின் பெயரே இல்லை. பின்தங்கிய பிறகு, அந்த ஓட்டுகளையும் முழுதாக எண்ண வேண்டும் என்றார் ஹில்லாரி. ஆட்டம் பாதியில் இருக்கும்போது விதியை மாற்றக் கேட்பது எந்த ஊர் நியாயம்? மே 31-ல் கட்சிக் குழு ஆளுக்கு அரை ஓட்டு என்று முடிவு செய்தது.

ஆனால் முடிவு தெரிந்த பின் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஜூன் 7-ல் ஹில்லாரி விலகி ஒபாமாவை ஆதரித்தார். வெற்றி உறுதியான பிறகு, அந்த இரு மாநிலங்களுக்கும் முழு ஓட்டுரிமையை ஆகஸ்டில் கட்சி திருப்பிக் கொடுத்தது. டென்வர் மாநாட்டில் நியூயார்க்கின் முறை வந்தபோது, ஒபாமாவையே வேட்பாளராக ஏற்போம் என்று முன்மொழிந்தவர் ஹில்லாரி. 2009-ல் ஒபாமாவின் வெளியுறவு அமைச்சரும் அவரே.

2016-ல் கதை வேறு. சாண்டர்ஸும் ஹில்லாரியை ஆதரித்தார்தான். ஆனால் கட்சி அலுவலகத்தில் சிலர் அவருக்கு எதிராக இருந்ததைக் கசிந்த மின்னஞ்சல்கள் காட்டின. தேசியக் குழுத் தலைவர் பதவி விலகினார். நடுவரே ஒரு பக்கம் சாய்ந்திருந்தார் என்ற எண்ணம் தொண்டர்கள் மனதில் தங்கிவிட்டது. யாரும் தேர்ந்தெடுக்காத 'சூப்பர்' பேராளர்கள் போட்டி உள்ள முதல் சுற்றில் ஓட்டுப் போட முடியாது என்று 2018-ல் கட்சி விதியை மாற்றியது, காலம் கடந்த வைத்தியம்.

தோற்றவனிடம் விசுவாசம் கேட்பது எல்லோருக்கும் சுலபம். ஆனால் விதி நேர்மையாக இருந்தால்தான் அவன் தோல்வியை ஒப்புக்கொள்வான். ஜெயித்தவன் இடம் கொடுத்தால்தான் கூட நிற்பான். இந்த இரண்டையும் செய்யாத கட்சி, அடுத்த தேர்தலில் தொண்டன் வீட்டிலேயே இருந்துவிட்டால் அவனைத் துரோகி என்று திட்டிப் பயனில்லை.