உல்லம் ஏன் வரவில்லை?

குழாய்த் தண்ணீரின் அருமையைப் பற்றிச் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபது குடம் தண்ணீர் வந்தாலும், அது நடுநிசி இரண்டு மணிக்கு வந்துவிட்டு நின்றால் யாருக்கு என்ன பிரயோஜனம்? அளவு சரிதான், வேளைதான் சரியில்லை. ஆற்று மீனுக்கும் இதே கஷ்டம் உண்டு என்றால் சிரிக்காதீர்கள்.

மங்கலம்பேட்டைப் பக்கத்து வயதான பாட்டிமார்களிடம் 'உல்லம்' என்ற மீனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வங்காளிகள் உயிரை விடும் 'இலிஷ்', கோதாவரிக் கரையார் கொண்டாடும் 'பொலசா' எல்லாம் இதுவேதான். வசிப்பது கடலில், பிரசவத்துக்கு மட்டும் ஆற்றுக்கு வரும். ஆற்றில் புது வெள்ளம் இறங்கியதும், அதுதான் அழைப்பு என்று எதிர்த்து நீந்தி மேலே வந்து, நல்ல தண்ணீரில் முட்டையிடும். குஞ்சுகள் பிறகு கடலுக்குத் திரும்பும். நம் கொள்ளிடத்திலும் அப்படி வந்து கொண்டிருந்தது.

1836-இல் அணைக்கரையில் கீழணை எழுந்தது. வீராணம் ஏரிக்குத் தண்ணீர் கொடுக்கும் அணை அது. அதனால் சிதம்பரம் சீமை செழித்தது. ஆனால் தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த பெண்ணை வாசலிலேயே நிறுத்தியது போல, உல்லம் அந்தச் சுவரடியில் நின்றது. நின்ற இடத்தில் வலையும் காத்திருந்தது!

சென்னை சர்க்காரின் மீன் நிபுணராக இருந்த வில்சன் துரை, 1909-இல் கீழணையில் உல்லத்தின் முட்டையைச் செயற்கை முறையில் கருவுறச் செய்து பார்த்தார். நீலகிரி ஓடைகளில் 'டிரவுட்' மீனை வேரூன்றச் செய்தவரும் இவரே. வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தாளி மலையில் நிலைத்துவிட்டது. வீட்டுப் பெண்ணான உல்லமோ?

1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. ஆடி மாத வெள்ளத்தை அது பிடித்து வைத்துக்கொண்டது. குறுவைக்காக வழக்கமாக ஜூன் 12-இல் மதகு திறந்தாலும், தண்ணீர் போவது வயலுக்கு; மிஞ்சியதுதான் கொள்ளிடத்துக்கு. கடல் முகத்தில் காத்திருக்கும் மீனுக்கு அழைப்பு வரவில்லை. உல்லம் வரத்தும் குன்றிப் போயிற்று. 1975-இல் கங்கையின் குறுக்கே ஃபராக்கா அணை செயல்படத் தொடங்கிய பின், அதற்கு மேற்கே இலிஷுக்கும் இதே கதிதான்.

தண்ணீர் விட்டால் மட்டும் போதுமா? போதாது. ஆழமான அணையின் அடித் தண்ணீர் சில்லென்றிருக்கும், பிராணவாயுவும் குறைந்திருக்கலாம். திடீரென்று திறந்தால் குஞ்சுகள் அடித்துச் செல்லப்படும். திடீரென்று மூடினால் குட்டைகளில் சிக்கிக் காய்ந்து போகும்.

வேடிக்கை என்னவென்றால், ஒரு மீனுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷம். அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் கிளென் கான்யன் அணை 1963-இல் தண்ணீரைத் தேக்கத் தொடங்கியது. வெதுவெதுப்பாகவும் கலங்கலாகவும் ஓடிய ஆறு, அணைக்குக் கீழே குளிர்ந்து தெளிந்தது. கொண்டுவந்து விட்ட டிரவுட் கொழுத்தது; அந்த ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த மீன்கள் அருகின. 1996-இல் அங்கே வேண்டுமென்றே ஒரு வாரம் வெள்ளம் விட்டு, அடித்துப் போன மணல் திட்டுகளை மீட்டுப் பார்த்தார்கள். ஆற்றின் தேவைக்காகவும் மதகைத் திறக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியதே, அதுதான் விசேஷம்.

அணைகளை நான் குறை கூறவில்லை. நம் உலையில் கொதிக்கும் அரிசி அந்தத் தண்ணீர் தந்தது. 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் சென்னைக் குடங்களையும் நிரப்புகிறது. ஆனால் ஆற்றுக்கென்று ஒரு பங்கை, உரிய பருவத்தில், படிப்படியாக ஏற்றி, படிப்படியாக இறக்கி விடுவதில் பெரிய நஷ்டம் இல்லை. கொள்ளிடத்துக்குச் சொன்னது, மணிமுத்தா அணையைக் கடந்து விருத்தாசலம் வழியாக வெள்ளாற்றில் கலக்கும் நம் மணிமுத்தாற்றுக்கும் பொருந்தும்.

இனிமேல் பத்திரிகையில் 'அணை திறப்பு, விநாடிக்கு இத்தனை கன அடி' என்று படித்தால், அதோடு நிறுத்தாதீர்கள். எப்போது திறந்தார்கள், எவ்வளவு வேகமாக மூடினார்கள், ஆற்றுக்கென்று எவ்வளவு மிஞ்சியது என்றும் கேளுங்கள். குழாயடியில் காத்திருந்து பழகியவர்கள் கேட்டால்தான் அந்தக் கேள்விக்கு மதிப்பு!