ஸ்மித் தெருவின் இரு பக்கம்

குளிர்காலம் முடியும் தறுவாயில் ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்துக் கிளப்கள் தங்கள் உறுப்பினர் எண்ணிக்கையை வெளியிடுகின்றன. அன்றே ஒரு பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்துவிடுகிறது. காலிங்வுட்டும் ரிச்மண்டும் ஒரு லட்சத்தைத் தாண்டிய கிளப்கள். நார்த் மெல்பர்ன், செயின்ட் கில்டா, வெஸ்டர்ன் புல்டாக்ஸ் ஆகியவை அவற்றின் நிழலில் நிற்பவை. வடக்கே கோல்ட் கோஸ்ட், கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி என்ற இரண்டும் லீக் தன் கையால் நட்டு இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவை. மெல்பர்ன் என்ற ஒரே நகரம் ஒன்பது கிளப்களைச் சுமக்குமா, எதை இடம் மாற்றலாம், எதை எதோடு இணைக்கலாம் என்று ஆளுக்கொரு கணக்குப் போடுகிறார்கள். கணக்குப் போடுபவர்களின் குரலில் உள்ள அவசரம் எனக்கு வியப்பளிக்கிறது. ஏனென்றால் இந்தக் கேள்விக்கு லீக்கைவிட வயது அதிகம். சரியாகச் சொன்னால், லீக்கே இந்தக் கேள்விக்குப் பிறந்ததுதான்.

1896-இல் விக்டோரியாவில் இந்த ஆட்டத்தை நடத்திவந்தது விக்டோரியன் ஃபுட்பால் அசோசியேஷன். நுழைவுக் கட்டண வசூலில் ஒரு பங்கை வறிய கிளப்களுக்கும் தரலாம் என்ற பேச்சு அங்கே எழுந்தபோது, கூட்டம் சேர்க்கத் தெரிந்த கிளப்கள் தனிக்குடித்தனம் போக முடிவெடுத்தன. எசென்டன், காலிங்வுட், ஃபிட்ஸ்ராய், ஜீலாங், மெல்பர்ன், சவுத் மெல்பர்ன் ஆகியவை வெளியேறி, கார்ல்டனையும் செயின்ட் கில்டாவையும் சேர்த்துக்கொண்டு, 1897-இல் எட்டுக் கிளப்களோடு விக்டோரியன் ஃபுட்பால் லீக்கைத் தொடங்கின. பின்தங்கிவிட்டவை ஐந்து: ஃபுட்ஸ்கிரே (இன்றைய வெஸ்டர்ன் புல்டாக்ஸ்), நார்த் மெல்பர்ன், போர்ட் மெல்பர்ன், ரிச்மண்ட், வில்லியம்ஸ்டவுன். வேண்டாம் என்று விடப்பட்ட அந்த ஐவரில் ரிச்மண்டும் இருந்ததை இன்றைய ரிச்மண்ட் ரசிகர் யாரும் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. சேர்த்துக்கொள்ளப்பட்ட செயின்ட் கில்டாவோ முதல் 48 ஆட்டங்களிலும் தோற்றது. யார் பெரியவர் என்று முடிவுசெய்ய அந்தப் பெரியவர்கள் பிடித்த அளவுகோல், தொடங்கிய அன்றே சற்று வளைந்துதான் இருந்தது.

மெல்பர்ன் நகரின் மையத்துக்கு வடகிழக்கே ஸ்மித் தெரு ஓடுகிறது. அதன் ஒரு பக்கம் ஃபிட்ஸ்ராய், மறுபக்கம் காலிங்வுட். இரண்டும் தொழிலாளர் குடியிருப்புகள். அதே நெருக்கமான வீடுகள், அதே காலணித் தொழிற்சாலைகள், அதே மதுக்கடைகள், அதே கடன். இன்று ஒரு பக்கத்துக் கிளப்பின் பெயர் நாடு முழுவதும் ஒலிக்கிறது. மறுபக்கத்துக் கிளப் முதல்தர ஆட்டத்திலிருந்து மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. காலிங்வுட் எப்போதும் பெரியது, ஃபிட்ஸ்ராய் எப்போதும் சிறியது என்று பின்னால் வந்தவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். 1922-இல் நின்று பார்த்தால் கதை வேறு. அந்த ஆண்டு ஃபிட்ஸ்ராய் காலிங்வுட்டையே இறுதிப் போட்டியில் வென்று ஏழாவது முறையாகப் பட்டம் சூடியது. காலிங்வுட்டிடம் அப்போது இருந்தவை ஐந்து, கார்ல்டனிடமும் ஐந்து, எசென்டனிடம் நான்கு. லீக்கின் முதல் கால் நூற்றாண்டில் ஃபிட்ஸ்ராயைவிட அதிகம் வென்ற கிளப் எதுவும் இல்லை. அன்று யாராவது இந்த இரண்டில் ஒன்று அழியும் என்று ஆரூடம் சொல்லியிருந்தால், கேட்டவர்கள் தெருவின் எதிர்ப்பக்கத்தைக் கை காட்டியிருக்கவும் கூடும்.

பிறகு நடந்ததில் திறமைக்கு எவ்வளவு பங்கு, நேரத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஜாக் மக்ஹேலின் பயிற்சியில் காலிங்வுட் 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றது. பொருளாதாரப் பெருமந்தம் வாசலில் நின்ற காலம் அது. வானொலி வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலமும் அதுதான். வேலை இழந்த தகப்பன் தன் பிள்ளைக்குக் கொடுக்க வேறு எதுவும் இல்லாதபோது கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டையின் பெருமையைக் கொடுத்தான். அந்தப் பிள்ளை பெரியவனாகி, போருக்குப் பின் கார் வாங்கி, தூரத்துப் புறநகரில் வீடு கட்டியபோது அந்தப் பெருமையையும் ஏற்றிக்கொண்டு போனான். அதற்கடுத்த தலைமுறையில் காலிங்வுட் இறுதிப் போட்டிகளில் தோற்றுக்கொண்டே இருந்தது. 1958-க்குப் பின் அடுத்த பட்டத்துக்கு 1990 வரை காத்திருந்தது. கூட்டம் குறையவில்லை. ஃபிட்ஸ்ராயின் பொற்காலமோ சீக்கிரமே வந்து சீக்கிரமே போய்விட்டது. 1944-இல் கிடைத்த எட்டாவது பட்டம்தான் கடைசி. அதன் பெரிய வெற்றிகளை நேரில் கண்டவர்கள், அவற்றைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் வயதுக்கு வந்தபோது, பேரப்பிள்ளைகள் வேறு தெருவில் வேறு சட்டையோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் ஃபிட்ஸ்ராய் விட்டுச்சென்ற கணக்கில் கூட்டத்தின் அளவில் அடங்காத வரவுகளும் உண்டு. கார்ல்டனில் நிறவெறியால் அவமதிக்கப்பட்டு வெளியேறிய பழங்குடி வீரர் டக் நிக்கல்ஸ், 1932-இல் ஃபிட்ஸ்ராய்க்கு ஆட வந்தார். உடைமாற்றும் அறையில் தனியாக ஒதுங்கியவரின் பக்கத்தில் போய் அமர்ந்தவர் ஹேடன் பண்டன், மூன்று முறை பிரவுன்லோ பதக்கம் வென்ற அந்தக் காலத்துப் பெரிய நட்சத்திரம். நிக்கல்ஸ் பின்னாளில் சர் பட்டம் பெற்று, 1976-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரானார். இன்று பழங்குடி வீரர்களைப் போற்றும் சுற்றுக்கு லீக் அவர் பெயரையே வைத்திருக்கிறது. அந்தப் பெயரை முழங்கும் லீக்கில் அவர் ஆடிய கிளப் இல்லை.

ஃபிட்ஸ்ராயின் வீழ்ச்சியில் என்னை அதிகம் வருத்துவது தோல்விகளல்ல, அலைச்சல். 1966-க்குப் பிறகு பிரன்ஸ்விக் தெரு மைதானத்தை விட்டு அது கார்ல்டனின் பிரின்சஸ் பார்க்குக்குப் போயிற்று; பிறகு ஜங்ஷன் ஓவல்; 1985-இல், யார் நினைத்திருப்பார்கள், காலிங்வுட்டின் விக்டோரியா பார்க்கிலேயே குடியிருந்தது; மறுபடி பிரின்சஸ் பார்க்; கடைசியாக ஃபுட்ஸ்கிரேயின் வெஸ்டர்ன் ஓவல். 1991, 1992-இல் சில ஆட்டங்களை டாஸ்மேனியாவின் ஹோபார்ட் வரை கொண்டுபோனது. சொந்த ஊர் என்று ஒன்று இல்லாதவனிடம் சொந்தக்காரர்கள் எப்படிச் சேர்வார்கள்? கடைசியில் பசிஃபிக் பெருங்கடலின் குட்டித் தீவான நவூருவிடம் கடன்பட்டது. இந்தக் கால்பந்தையே தேசிய விளையாட்டாகக் கொண்ட அந்தச் சிறிய நாடும் பொறுமையிழந்தபோது, 1996 ஜூன் இறுதியில் கிளப் நிர்வாகியின் கைக்குப் போனது. நார்த் மெல்பர்னோடு இணையும் ஏற்பாட்டை, இணைந்தால் அளவுக்கு மீறி வலுவாகிவிடுவார்கள் என்று அஞ்சிய மற்றக் கிளப்கள் தடுத்தன. பிரிஸ்பேன் பேர்ஸோடு முடிச்சுப் போட்டார்கள். மெல்பர்னில் ஆடிய கடைசி ஆட்டத்தில் ரிச்மண்டிடம் 151 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. செப்டம்பர் 1-ஆம் நாள் பெர்த்தில் ஃப்ரிமாண்டிலுக்கு எதிராக ஆடியதோடு எல்லாம் முடிந்தது. பிரிஸ்பேன் லயன்ஸ் என்ற புதிய பெயர் 2001 முதல் 2003 வரை மூன்று பட்டங்களையும், 2024-இல் இன்னொன்றையும் வென்றபோது பழைய ஃபிட்ஸ்ராய்க்காரர்கள் சிலர் அழுதார்கள், சிலர் தொலைக்காட்சியைப் போடவே இல்லை. இருவரையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

ஃபிட்ஸ்ராய் மட்டும் அந்த வாசலில் நின்றதில்லை. சவுத் மெல்பர்ன் 1982-இல் மூட்டை முடிச்சோடு சிட்னிக்கு அனுப்பப்பட்டது. 1989 அக்டோபரில் ஃபுட்ஸ்கிரேயை ஃபிட்ஸ்ராயோடு இணைக்கப்போவதாக அறிவிப்பு வந்தபோது மேற்குப் புறநகர்க்காரர்கள் உண்டியல் ஏந்தி வீதிகளில் இறங்கினார்கள், நீதிமன்றம் போனார்கள், சில வாரங்களில் 15 லட்சம் டாலர் திரட்டித் தங்கள் கிளப்பை மீட்டார்கள். மறு ஆண்டே புலிச் சின்னம் தாங்கிய ரிச்மண்ட் கடனில் மூழ்கி, நம் தோலைக் காப்பாற்றுங்கள் என்று புலித்தோலின் பேரால் ஊரெங்கும் கையேந்தியது. 1996-இல் ஹாதார்னையும் மெல்பர்னையும் ஒன்றாக்க வாக்கெடுப்பு நடந்தது. புதிய சட்டையின் மீதிருந்த ஹாதார்னின் பருந்தை மேடையில் பிய்த்தெடுத்த முன்னாள் ஹாதார்ன் வீரர் டான் ஸ்காட், அதன் அடியில் மிஞ்சியது வெறும் மெல்பர்ன் சட்டை என்று ஹாதார்ன்காரர்களுக்குக் காட்டினார். மெல்பர்ன் உறுப்பினர்கள் குறைந்த வித்தியாசத்தில் சம்மதித்தார்கள்; ஹாதார்ன் மறுத்துவிட்டது. அப்படி மறுத்த கிளப் 2008-இலும் பிறகு 2013 முதல் 2015 வரை தொடர்ந்து மூன்று முறையும் கோப்பையைத் தூக்கியது. இன்று 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களோடு பெரியவர்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. ரிச்மண்ட் 2018-இல் ஒரு லட்சம் உறுப்பினர்களைக் கண்ட முதல் கிளப்பாயிற்று. 2007 டிசம்பரில் கோல்ட் கோஸ்டுக்குக் குடிபெயரச் சொல்லி நீட்டப்பட்ட பெரும் பணத்தை நார்த் மெல்பர்ன் வேண்டாமென்றது. வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம் என்ற வழக்கத்துக்கு 1985-இல் முன்கை எடுத்தது இந்தச் சிறிய கிளப்தான். அந்த இரவுகள் இன்று பெரும்பாலும் பெரியவர்களுக்கே ஒதுக்கப்படுகின்றன.

மறுத்தவர்களெல்லாம் பிழைத்தார்கள் என்று இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துவிடலாமா? எடுக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். ஃபிட்ஸ்ராய்க்காரர்களும் உண்டியல் ஏந்தியவர்கள்தான். அவர்கள் அன்பு ஃபுட்ஸ்கிரேயின் அன்பைவிட ஒரு பிடி குறைந்ததல்ல. ஒரு கிளப்பின் கெட்ட காலம் எந்த ஆண்டில் வந்தது, அந்த ஆண்டில் லீக்குக்கு யாருடைய இடம் தேவைப்பட்டது என்பதே பல நேரங்களில் முடிவைத் தீர்மானித்தது.

எண்பதுகளில் வந்த சம்பள உச்சவரம்பும், கடைசியில் நின்ற அணிக்கு முதலில் ஆள் தேர்வு செய்யும் உரிமை தரும் முறையும், வசூல் பங்கீடும் 1896-இல் பெரியவர்கள் எதை மறுத்து வெளியேறினார்களோ அதையே வேறு வடிவில் கொண்டுவந்தன. பலன் கிடைக்காமல் இல்லை. 1996 இறுதிப் போட்டியில் நார்த் மெல்பர்ன் வென்றது பழைய சவுத் மெல்பர்னான சிட்னியை. அந்தச் சிட்னிக்கு 2005-இல் 72 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்த பயிற்சியாளர் பால் ரூஸ், ஃபிட்ஸ்ராயின் பிள்ளை. 2016-இல் ஏழாம் இடத்திலிருந்து எழுந்த புல்டாக்ஸ், 1954-க்குப் பின் முதல் முறையாகப் பட்டம் வென்றபோதும் எதிரே நின்றது சிட்னிதான். 2021-இல் பெருந்தொற்றால் பெர்த்துக்குப் போன இறுதிப் போட்டியில் மெல்பர்னும் புல்டாக்ஸும் மோதின. 57 ஆண்டுக்குப் பின் மெல்பர்ன் வென்றபோது அதன் சொந்த நகரம் வீட்டுக்குள் பூட்டிக் கிடந்தது. ஆட்டக்காரர்களைப் பங்கிடும் விதி கோப்பையைச் சுற்றிவரச் செய்துவிடுகிறது. ரசிகர்களைப் பங்கிட இதுவரை ஒரு விதியும் எழுதப்படவில்லை.

இந்த நகரில் குடியேறிய தமிழர்களாகிய நமக்கும் இதில் ஒரு பாத்தியதை இருக்கிறது. நம்மில் பலர் வீடு வாங்கிய மேற்குப் புறநகர்கள் புல்டாக்ஸின் பழைய நிலத்தின் விரிவு. இத்தாலியர்களும் கிரேக்கர்களும் பிறகு வியட்நாமியர்களும் வந்திறங்கிய போதும் இதே கேள்விதான் கேட்கப்பட்டது: இவர்களின் பிள்ளைகள் நம் கிளப்பைப் பிடித்துக்கொள்வார்களா? பெரும்பாலும் பள்ளித் தோழன்தான் அதை முடிவு செய்தான். நம் பிள்ளைகளும் அப்படித்தான் ஒரு நாள் ஏதோ ஒரு நிறத்துக் கழுத்துத் துண்டோடு வீட்டுக்கு வருகிறார்கள். நூறாண்டு வழக்கொன்றில் புது வாரிசு சேர்ந்துவிட்டது அவர்களுக்குத் தெரிவதில்லை. தெரிய வேண்டியதும் இல்லை.

2028-இல் டாஸ்மேனியா டெவில்ஸ் பத்தொன்பதாவது கிளப்பாக லீக்குக்குள் வரவிருக்கிறது. 2024 மார்ச்சில் பெயரும் சட்டையும் அறிவித்து, பத்து டாலருக்கு உறுப்பினராகலாம் என்றபோது, மக்கள்தொகை ஆறு லட்சத்தையும் எட்டாத அந்தத் தீவின் கிளப் ஒரு பந்துகூட உதைக்காமல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. பத்து டாலர் உறுப்பினரை முழுக் கட்டணம் கட்டும் உறுப்பினரோடு ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனாலும் மெல்பர்னின் சிறிய கிளப்கள் அந்த எண்ணைக் கலக்கத்தோடு படித்திருக்கும். ஃபிட்ஸ்ராய் தன் கடைசிக் காலத்தில் கைச்செலவுக்கு ஆடப்போனது அந்தத் தீவுக்குத்தான். ஹாதார்ன் லான்செஸ்டனில் ஆண்டுதோறும் ஆடி, மாநிலத்தின் பெயரையே சட்டையில் தாங்கித் தன் கஜானாவை நிரப்பிக்கொண்டது. நார்த் மெல்பர்ன் 2012 முதல் ஹோபார்ட்டில் ஆடிக் கடனை அடைத்தது. வெளியூர்க்காரர்களுக்கு வாடகை கொடுத்து ஆட்டம் பார்த்த தீவு இனித் தன் பிள்ளைகளின் ஆட்டத்தையே பார்க்கும். நார்த் மெல்பர்னோ அடுத்த வரவுக்கு வேறு ஊர் தேட வேண்டியதாயிற்று.