படியெடுத்தவருக்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண்?

கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடி வைத்தியநாதசுவாமி கோயிலின் நடுவிமானத்தைப் புதிதாகக் கட்ட ராஜராஜ சோழன் ஆணையிட்டபோது, கூடவே இன்னொரு வேலையும் சொல்லப்பட்டது. சுவரை இடிக்கும் முன் அதிலுள்ள கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். கட்டி முடித்த பிறகு, அந்தப் புத்தகத்தைப் பார்த்தே அவை புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. சோழர் காலக் கோயிலுக்குக் கல்வெட்டுதான் சொத்துக் கணக்கு; நிலக்கொடை, விளக்குக்கு விட்ட ஆடு எல்லாம் அதில்தான். ஒரு வரி பிசகினால் ஒரு நிலம் போய்விடும்.

இன்றைய அலுவலகங்களில் மாற்றத்துக்கு ஊழியர்கள் ஈடுகொடுப்பதை அளக்க நம்மில் பலர் நாடுவது எலைன் புலாகோஸும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட எட்டுக் கூறுகளை: நெருக்கடியைக் கையாளுதல், மன அழுத்தம் தாங்குதல், சிக்கலுக்குப் புதுவழி காணுதல், நிச்சயமற்ற நிலையைச் சமாளித்தல், கற்றல், மனிதர்களோடும் பிற பண்பாடுகளோடும் உடல்சார்ந்த சூழலோடும் ஒத்துப்போதல். நல்ல பட்டியல்தான், நானும் பல ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அந்தச் சுவரைப் பார்த்து வரிவரியாக எழுதியவருக்கு இதில் எங்கே மதிப்பெண் போடுவது? பழையது தொலையாமல் புதியதற்குள் கொண்டுசேர்த்தார் அவர். அந்தக் கூறு நம் பட்டியலில் இல்லை.

பழையதைக் கொண்டுசேர்ப்பதில் தவறினால் என்ன ஆகும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். திட்டத்தின்போது பெயரோ பரப்போ தவறாக ஏறிய பட்டாக்களைத் திருத்தக் கேட்டு இன்றும் மனுக்கள் வருகின்றன.

ஆண்டு முடிவில் மேலாளர் ஐந்துக்கு எத்தனை என்று போடும் மதிப்பெண்ணில் இந்த வேலை சிக்காது. சரியாகச் செய்தால் எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். எதுவும் நடக்காததற்கு யார் மதிப்பெண் போடுவார்? ஜான் ஃபிளனகன் 1954-இல் விளக்கிய முக்கிய நிகழ்வு முறை இங்கே கைகொடுக்கும். மாற்றம் நடக்கும் அந்த வாரத்திலேயே பக்கத்து மேசைக்காரரிடம் கேளுங்கள்: எந்தப் பழைய பதிவு விடுபட இருந்தது, யார் கவனித்தார், என்ன செய்தார்? ஆறு மாதம் கழித்து, ஏறிய பதிவுகளில் சிலவற்றை எடுத்து மூலத்தோடு ஒப்பிடுங்கள். இந்த அளவை ஊதிய உயர்வோடு மட்டும் முடிச்சுப் போட வேண்டாம். போட்டால், நடக்காத பிழைகளைப் பிடித்ததாகக் குறிப்புகள் குவியும்.

மென்பொருள் மாறிய, கிளைகள் இணைந்த அலுவலகங்களில் இதைச் செய்து பார்த்தவர்கள், நீங்கள் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதி அனுப்புங்கள். பலிக்காதவற்றையும் சேர்த்து. அடுத்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.