குதிரைப் பாதையும் குமாஸ்தாவின் பேனாவும்

கிராவல் என்றால் நம் பக்கத்தில் மனையை மேடாக்கக் கொட்டும் செம்மண் சரளை. இங்கிலாந்தில் அந்தப் பெயரில் ஒரு வகை சைக்கிளே வந்துவிட்டது. பந்தய சைக்கிள் மாதிரி கைப்பிடி கீழே வளைந்திருக்கும். டயர் மட்டும் அகலம், 40 மில்லிமீட்டர் அளவில். ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் மிதிக்கத் தாழ்ந்த கியர்கள். தார் ரோட்டிலும் ஓடும், மண் பாதையிலும் ஓடும். அங்கே வேலை பார்க்கும் என் பேரன் சனி ஞாயிறுகளில் இதில்தான் சுற்றுகிறான். போகிற வழியின் வரைபடத்தை எனக்கும் அனுப்புவான். அவன் எடுக்கும் படங்களைவிட அந்த வரைபடங்கள்தான் எனக்குப் பிடிக்கின்றன. முப்பது வருடத்துக்கு மேல் பதிவேடு எழுதியவனுக்கு வேறென்ன பிடிக்கும்?

ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற நில அளவைத் துறை 1791 முதல் இருக்கிறது. அவர்களுடைய எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். வயல்களுக்கு நடுவே பச்சைக் கோடுகள் ஓடும். குட்டிக் குட்டிக் கோடுகளாக இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். நீளக் கோடுகளாக இருந்தால் 'பிரைடில்வே', அதாவது குதிரைப் பாதை. அதில் நடக்கலாம், குதிரையில் போகலாம், சைக்கிளிலும் போகலாம். ஊரில் நடைப்பாதைக்கு மஞ்சள் அம்புக்குறி, குதிரைப் பாதைக்கு நீல அம்புக்குறி அடித்திருப்பார்கள். இவை பெரும்பாலும் தனியார் நிலத்தின் ஊடே போகிறவை. நிலம் குடியானவருடையது, போகிற உரிமை ஊராருடையது.

சைக்கிளுக்கு இந்த உரிமை கிடைத்தது 1968இல், கிராமப்புறச் சட்டத்தின் 30ஆம் பிரிவில். நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. சைக்கிள்காரருக்காகப் பாதையைச் செப்பனிட்டு வைக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை என்றும் சொல்லிவிட்டது. சேறோ கல்லோ, இருக்கிறபடி போய்க்கொள். எனக்கு இது நியாயமான ஏற்பாடாகவே படுகிறது. உரிமை கேட்பவர் சிமெண்டும் சேர்த்துக் கேட்டால் உரிமையே கிடைக்காது.

ஆனால் எந்தப் பாதை நடைப்பாதை, எது குதிரைப் பாதை என்று தீர்மானித்தது யார்? இங்கேதான் நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள் வருகிறார்கள்.

1949இல் தேசியப் பூங்காக்கள் சட்டம் வந்தது. ஒவ்வொரு கவுண்டி கவுன்சிலும் தன் எல்லைக்குள் இருக்கும் பொதுப் பாதைகளை எல்லாம் ஒரு வரைபடத்தில் குறித்து, பக்கத்தில் விவர அறிக்கையும் வைக்க வேண்டும் என்றது. அதற்குப் பெயர் டெஃபினிடிவ் மேப், அறுதி வரைபடம். பல இடங்களில் தகவல் திரட்டும் வேலை பாரிஷ் கவுன்சில்களிடம் போனது. அவை நம் கிராமப் பஞ்சாயத்து போல. ஒரு பாரிஷில் அக்கறையாக நடந்து பார்த்து எழுதினார்கள். இன்னொன்றில் இருந்த இடத்திலிருந்தே எழுதினார்கள். ஒருவர் குதிரைப் பாதை என்று எழுதியதை அடுத்த பாரிஷ்காரர் நடைப்பாதை என்று எழுதினார். சிலது விட்டே போனது.

அதன் பலனை இன்றைக்கும் சைக்கிள்காரர்கள் அனுபவிக்கிறார்கள். நீல அம்புக்குறியை நம்பி இரண்டு மைல் போவார்கள். பாரிஷ் எல்லை வரும். அதே வரப்பு, அதே வேலி, அதே அகலம். ஆனால் அங்கிருந்து அம்புக்குறி மஞ்சள். குதிரை அந்த எல்லையில் வந்து நின்று மாயமாகவா போயிருக்கும்? பழைய காலத்தில் அது முழுவதும் ஒரே பாதைதான். இப்போது மிதித்துப் போனால் நிலக்காரருக்கு எதிரான அத்துமீறல். போலீஸ் வழக்கு ஆகாது, சிவில் விவகாரம்தான். ஆனாலும் மரியாதைப்பட்டவர் இறங்கித் திரும்ப வேண்டியதுதான். இங்கிலாந்தின் பொதுப் பாதைகளில் சைக்கிளுக்கு உரிமை உள்ளவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

நல்ல வழிகளும் இருக்கின்றன. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை சவுத் டவுன்ஸ் வே, 160 கிலோமீட்டர், சுண்ணாம்புக் குன்றுகளின் முதுகின் மேலேயே போகிறது. மழை பெய்தால் சுண்ணாம்பு வழுக்கும், சிக்கிமுக்கிக் கல் டயரைக் கிழிக்கும். முழுத் தூரமும் சைக்கிளில் போகலாம். கடைசியில் ஆல்ஃப்ரிஸ்டன் என்ற ஊரில் மட்டும் வழி இரண்டாகப் பிரியும். நடப்பவருக்குக் கடலோரம் செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறைகளின் மேல் வழி, சைக்கிளுக்கு உள்பக்கம் ஜெவிங்டன் கிராமம் வழி. ஏவ்பரிக்குப் பக்கத்தில் தொடங்கும் ரிட்ஜ்வேயின் மேற்குப் பாதி சைக்கிளுக்குத் திறந்தது. கிழக்குப் பாதியில் பல துண்டுகள் நடைப்பாதை. 1878இல் தொடங்கிய பழைய சைக்கிள் சங்கம், இன்றைய சைக்ளிங் யூகே, இந்த இரண்டு பாதைகளின் பகுதிகளையும் இணைத்து 2020இல் கிங் ஆல்ஃபிரட்ஸ் வே என்ற 350 கிலோமீட்டர் வட்ட வழியை அமைத்தது. வின்செஸ்டரில் புறப்பட்டு வின்செஸ்டருக்கே திரும்பலாம். இதற்காகப் புதிதாக ரோடு போடவில்லை. பதிவேட்டில் ஏற்கெனவே இருந்த பாதைகளைத் தேடிக் கோத்தார்கள்.

வடக்கே பென்னைன் பிரைடில்வேக்கு ஒரு பெண்மணிதான் காரணம். மேரி டவுன்லி அம்மையார் 1986இல் நார்தம்பர்லாந்திலிருந்து டெர்பிஷயர் வரை குதிரையில் போய், குதிரைப் பாதைகள் என்ன கதியில் இருக்கின்றன என்று ஊருக்குக் காட்டினார். அவர் காலமான மறு வருடம், 2002இல், அவர் பெயரில் 47 மைல் வட்டப் பாதை திறக்கப்பட்டது. இன்று அதில் சைக்கிள்களும் ஓடுகின்றன.

பதிவேட்டில் பிழை இருந்தால் திருத்த வழி உண்டு. 1981ஆம் வருடச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம். ஆதாரம் வேண்டும். 1836 தசமபாகச் சட்டத்தின் வரைபடம், பொது நிலங்களை வேலியிட்டபோது எழுதிய ஆவணம், 1910 நிதிச் சட்டத்துக்காக நிலத்தை மதிப்பிட்ட ஏடுகள், இப்படித் தோண்டி எடுக்க வேண்டும். சம்பளம் இல்லாமல் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து இதைச் செய்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். மனுக்களோ பல கவுண்டிகளில் வருடக்கணக்காகக் காத்துக் கிடக்கின்றன.

இந்த நிலையில் 2000ஆம் வருடச் சட்டம் ஒரு கெடு வைத்தது. 1949க்கு முந்தைய பாதை 2026 ஜனவரி 1க்குள் பதிவாகவில்லை என்றால் அந்த உரிமை போய்விடும். நடைப்பாதை என்று தவறாக எழுதப்பட்ட குதிரைப் பாதைக்கும் இதே கதிதான். பிறகு கெடு 2031க்குத் தள்ளிப்போனது. 2024 டிசம்பரில், கெடுவையே ரத்து செய்வோம், நாடாளுமன்றத்தில் நேரம் கிடைக்கும்போது சட்டம் கொண்டு வருவோம் என்று அரசு அறிவித்தது.

நிலக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. காசு கொடுத்து வாங்கிய நிலத்தில், இருநூறு வருடத்துக் காகிதத்தைக் காட்டி ஒருவர் வழி கேட்டால் அவர் என்ன செய்வார்? கன்று போட்ட ஆடுமாடு இருக்கும், விதைத்த வயல் இருக்கும். அவருக்கு ஒரு நிச்சயம் வேண்டும். பாதையைக் கொஞ்சம் ஒதுக்கி ஓரமாகக் கொண்டு போக அவர் கேட்டால், மனுதாரர்கள் முரண்டு பிடிக்காமல் இசைந்து போக வேண்டும் என்பேன்.

ஆனால் கெடு அதற்குப் பரிகாரம் அல்ல. பிரெஞ்சு படித்த நம் தலைமுறையில் சிலருக்கு 'ஷெமேன் ரூரால்' என்ற சொல் நினைவிருக்கும். பிரான்சில் அந்தக் கிராமப் பாதைகள் கொம்யூனின் சொத்து. ஒருவர் முப்பது வருடம் எதிர்ப்பில்லாமல் அனுபவித்தால் அவர் கைக்கே போய்விடக்கூடும். இங்கிலாந்து மரபு நேர்மாறானது. ஒருமுறை பொதுப் பாதையானால், முறைப்படி மூடாதவரை அது பொதுப் பாதைதான். ஒரு தேதியைக் காட்டி அந்த மரபை அழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எழுதாமல் விட்டது அலுவலகம். மனுவைக் கிடப்பில் போட்டிருப்பதும் அலுவலகம். தண்டனை மட்டும் நடப்பவனுக்கும் மிதிப்பவனுக்குமா? கெடு வைக்க வேண்டுமென்றால் அலுவலகத்துக்கு வையுங்கள். மனு வந்தால் இத்தனை மாதத்துக்குள் முடிவு சொல் என்று வையுங்கள். அந்த வேலைக்கு இரண்டு குமாஸ்தாக்களைக் கூடுதலாகப் போடுங்கள்.

பேரனுக்கும் இதைத்தான் எழுதினேன். குதிரை வந்தால் வழிவிடு, அது சட்டம். மஞ்சள் அம்புக்குறி வந்தால் திரும்பிவிடு. திரும்பி வந்ததும் அந்தப் பாதை எந்த பாரிஷில் மாறுகிறது என்று குறித்துக்கொண்டு, கவுண்டி அலுவலகத்தில் பழைய வரைபடத்தைக் கேட்டுப் பார். இதற்குச் சைக்கிள் மிதிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும்.