டெக் கார்னர்: போனை 'ரூட்' பண்ணப் போறீங்களா?

"அக்கா, போன் ரொம்ப ஸ்லோ. ரூட் பண்ணிடட்டா?" தேங்காய்ப்பட்டணத்திலிருந்து சித்தி மகன் கேட்டான். ஆழ்கடல் தொழிலுக்குப் போயிருக்கும் சித்தப்பா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அந்த போனில்தான் இருக்கிறது. "முதல்ல பேக்கப் எடுடா" என்றேன்.

ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ். அதில் சகல அதிகாரமும் உள்ள பயனரின் பெயர்தான் 'ரூட்'. அந்த அதிகாரம் கிடைத்தால், நிறுவனம் போட்டுக்கொடுத்த வேண்டாத ஆப்களையும் தூக்கலாம். ஆனால், அதற்குப் பெரும்பாலும் 'பூட்லோடரை'த் திறக்க வேண்டும். திறந்தால் போனில் உள்ள அத்தனையும் அழிந்துவிடும். வாரன்டி போகலாம். வங்கி, யு.பி.ஐ ஆப்கள் பல வேலை செய்யாமல் போகலாம்.

எனவே, முதலில் இவற்றைச் செய்யுங்கள்:

1. செட்டிங்ஸில் 'கூகுள்' போய் 'பேக்கப்'பை ஆன் செய்யுங்கள். இலவச இடம் 15 ஜி.பி, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான்.

2. வாட்ஸ்அப்பில் 'சாட்ஸ்', 'சாட் பேக்கப்'. பாஸ்வேர்டு வைத்தால் நோட்டில் எழுதி வையுங்கள். மறந்தால் பேக்கப்பைத் திறக்க முடியாது.

3. படங்கள், ஆடியோக்களை யு.எஸ்.பி கேபிள் வழியே கம்ப்யூட்டரில் காப்பி செய்யுங்கள். நாலைந்தைத் திறந்தும் பாருங்கள். திறக்காத பேக்கப், பேக்கப்பே இல்லை!

தம்பியும் காப்பி செய்தான். லேப்டாப்பில் சித்தப்பா குரல் கேட்டதும் சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாராம். பிறகு, குவிந்து கிடந்த வீடியோக்களை போனிலிருந்து அழித்தான். போன் வேகமாகிவிட்டது. ரூட்டா? அதை மறந்தே போனான்!